கடல் காலி

எமரன்சியா மோத்தா தன் கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாத வழக்கம் உடையவள். மீன் புதியதா என்று கேட்டால், "வாங்கும்போது செவுளு செவப்பா இருந்துச்சு" என்பாள். தம்பி வீட்டில் இருக்கிறானா என்று எவரேனும் வாசலில் நின்று கேட்டால், "காலைல இருந்தான்" என்பாள். அவன் உள்ளே விடும் குறட்டை தெருவின் கோடி வரை கேட்டுக் கொண்டிருந்தாலும், "சத்தம் கேக்கு" என்பதோடு நிறுத்திக் கொள்வாள். கருப்பட்டிக் காப்பியைத் தூக்குவாளியின் மூடியில் ஊற்றி ஆற்றிக் குடிப்பாள். இனிப்புப் போதுமா என்று கேட்டவர்களுக்குக் குடித்து முடித்த பிறகே விடை கிடைக்கும். அவளைப் பெண் பார்க்க வந்தவர் ஒருவர், தம்மைப் பிடித்திருக்கிறதா என்று வினவியபோது, "இப்பத்தான பாக்கேன்" என்று அவள் சொன்னதாகவும், அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதாகவும் மாதாத்துறையில் ஒரு பேச்சு உண்டு. அதன் பிறகு எவரும் வரவில்லை. அவள் தம்பி கஸ்பாரின் வீட்டு மாடியறையில் தனியே குடியிருந்தாள்.

இந்த வழக்கமே அவளுக்கு நடு வயதில் அரசுப் பணி ஒன்றைத் தேடித் தந்தது. நேர்காணலுக்கு வந்திருந்த பொறியாளர் நீலமேகம் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "வெளியே இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க?" மற்றவர்கள் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள்.

"நான் உள்ள வரும்போது நாலு பேரு இருந்தாவ சார். இப்ப தெரியாது," என்றாள் எமரன்சியா.

நீலமேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டு, "நீங்க எப்ப சேரலாம்?" என்றார்.

பணியின் பெயர் கடற்சொல் அலுவலர். அப்பணி என்னவென்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே நீலமேகம் விளக்கினார். அவர் பொறுமையான மனிதர். எதையும் சிரிக்காமல் சொல்லக் கூடியவர்.

"முன்னெல்லாம் வானத்துல இருந்து கல்லு விழுந்தா விழுந்ததுதான் மேடம். யாரையும் கேள்வி கேக்க முடியாது. இப்ப நம்ம பிடிகலம் போய்க் கல்லைக் கவ்விப் பிடிச்சு, வேகத்தைக் குறைச்சு, பூமியைச் சுத்தி வந்து, நாம சொல்ற இடத்துல கை விடுது. அதனால விழுற இடத்துக்கு ஒருத்தர் பொறுப்பாகணும்."

"நொறுக்கிப்புட முடியாதா சார்?"

"நொறுக்கினா ஒரு கல்லு நூறு கல்லாயிடும். நூறுக்கும் பொறுப்பு அதிகாரி போடணும்."

"நடுக்கடல்ல போடலாமே."

"நடுக்கடல்ல கப்பல் போகுது. காப்பீட்டுக் கம்பெனிங்க ஒத்துக்கல."

"இங்க வள்ளம் போவுதே சார்."

"வள்ளத்துக்குக் காப்பீடு இல்லையே மேடம்," என்றார் நீலமேகம். அதில் கேலி எதுவும் இல்லை. காப்பீடு இல்லாத பொருளைப் பற்றி ஆட்சேபம் தெரிவிக்க உரியவர் எவரும் இல்லை என்பதை அவர் ஒரு தகவலாகவே சொன்னார்.

கரையை ஒட்டிய கடல் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கல்லின் பாதை வடக்கிலிருந்து தெற்காகச் செல்வது. முதலில் மாதாத்துறைக் கட்டம். அதற்குத் தெற்கே கூட்டப்பாறைக் கட்டம். கல் வந்து சேரும் வேளையில் தலைமை நிலையத்திலிருந்து தொலைபேசி வரும். மாதாத்துறையில் எமரன்சியா "காலி" என்றால் கலம் கல்லை அங்கே விடும். "காலி இல்லை" என்றால் சில நொடிகள் தாமதித்துக் கூட்டப்பாறையில் விடும். அங்கும் ஓர் அலுவலர் இருந்தார், பெயர் ஞானதுரை.

"மெசினே சொல்லிரலாமே சார், எதுக்கு ஆளு?"

"தப்பாப் போச்சுன்னா மெஷினை விசாரணைக்குக் கூப்பிட முடியாது. சட்டத்துல இடமில்ல. மனுஷக் குரல் வேணும்."

"காலியா, காலி இல்லியான்னு எனக்கே தெரியலன்னா?"

நீலமேகம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "'தெரியாது'ன்னு நீங்க சொல்லலாம். விதியில இருக்கு. சொன்னா கலம் கல்லை விடாம இன்னொரு சுத்துப் போகும். அதுக்குள்ள விமானம் வந்து, ஆள் கண்ணால கடலைப் பாத்துச் சொல்லணும். செலவு ஜாஸ்தி. அதனால அந்த வார்த்தையை யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. சொல்லாம இருந்தா எங்களுக்கு நல்லது."

அவள் தலையசைத்தாள். தலையசைப்பு ஒப்புதலா, கேட்டுக் கொண்டதற்கு அடையாளமா என்று அவர் கேட்கவில்லை.

அலுவலகம் கடற்கரையில் கட்டப்பட்டிருந்தது. ஆயினும் அதன் ஒரே சன்னல் சாலையைப் பார்த்திருந்தது. கடலைத் திரையிலே பார்த்தால் போதும் என்பது திட்டம். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு மஞ்சள் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். பெட்டி எங்கிருக்கிறதோ அங்கே திரையில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். கட்டத்துக்குள் புள்ளி இல்லையென்றால் கடல் காலி. பெட்டியைக் கழற்றிய வள்ளத்துக்கு மூன்றாண்டு தொழில் உரிமம் கிடையாது. கட்டுமரங்களுக்குப் பெட்டி வழங்கப்படவில்லை. மின்கலம் பொருத்த அவற்றில் இடமில்லை என்பது காரணம். மாதாத்துறையில் கட்டுமரம் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிவிட்டபடியால் அது எவரையும் உறுத்தவில்லை.

இவ்வாறாக எமரன்சியா திரையையும் பார்ப்பாள். மனநிறைவுக்காக வெளியே வந்து கண்ணுக்கு எட்டிய தூரம் கடலையும் பார்ப்பாள். பிறகு "காலி" என்பாள். சற்றைக்கெல்லாம் கிழக்கே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஏதோ ஒன்று விழும். மேசைமேல் இருக்கும் மூடியிலே காப்பி ஒரு வட்டம் போடும். அவ்வளவுதான்.

அந்த ஆண்டில் ஊருக்குள் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. கல் விழுந்த மறுநாள்தோறும் ஏலத்துக்கு மிகுதியான மீன் வந்தது. அம்மீன்களில் வலைத் தழும்பும் இல்லை, தூண்டில் காயமும் இல்லை. தூங்கிக் கொண்டிருந்தவற்றை எடுத்துவந்தாற் போலிருந்தன. மற்றொன்று, ஆண்களுக்குக் காது மந்தமாயிற்று. எஞ்சின் சத்தம்தான் காரணம் என்று ஊரார் சொன்னார்கள். நகரத்து மருத்துவரும் ஊராரைக் கேட்டறிந்து அதையே சொன்னார். அதன் விளைவாக எல்லாரும் உரக்கப் பேசத் தொடங்கினார்கள். கஸ்பார் தன் மனைவியிடம் இரகசியம் சொன்னால், எதிர்வீட்டார் கருத்துத் தெரிவிப்பது வழக்கமாயிற்று.

"லேய், இந்த ஊளி எங்கலே கெடச்சுது?" என்று எமரன்சியா ஒருமுறை தம்பியைக் கேட்டாள்.

"என்னது?"

"மீனு எங்க கெடச்சுது?"

"கடல்ல!" என்று முழங்கினான் கஸ்பார். அந்த விடையில் அவள் குறை காண முடியவில்லை. அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாளில், கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. பிற்பகலில் ஒரு கல் வருகிறது. இதுவரை வந்தவற்றைக் காட்டிலும் பெரியது. ஒரு மினி பஸ் அளவு இருக்கும். எல்லா வள்ளங்களும் கரையில் நிற்க வேண்டும்.

கல் நாள்களில் எமரன்சியா மதிய உணவுக்கு வீட்டுக்குப் போவதில்லை. தூக்குவாளியிலேயே கொண்டுவந்து விடுவாள். ஆனால் அன்று காலையில் தம்பி மனைவி பெற்றோனிலா மாடிப்படியருகே வந்து நின்றாள்.

"மைனி, இன்னைக்கு ஊளி மீன் கொழம்பு. சோத்தக் கட்டிக்கிட்டுப் போவாதிய. சூடா வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"கல்லு நாளுல்லா."

"கல்லு சாயந்தரந்தான வருது. கொழம்பு ஆறிப் போவும்."

எமரன்சியா மறுக்கவில்லை. பெற்றோனிலாவின் ஊளிக் குழம்பை மறுத்தவர் அந்த ஊரில் இல்லை.

நண்பகலில் அலுவலகத்தை விட்டுக் கிளம்பு முன் திரையைப் பார்த்தாள். பச்சைப் புள்ளிகள் அனைத்தும் கரையில் நின்றன. வள்ளங்கள் அலையில் ஆடுவது போல மெல்ல அசைந்தன. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கிரீச், கிரீச் என்று ஓர் ஒலி வந்தது. தொட்டில் ஆடும் ஒலி. அந்த வீட்டில் தொட்டிலுக்கு உரியவர் எவரும் இல்லை. கஸ்பாரின் ஒரே மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள்.

அடுக்களை உத்தரத்தில் இரண்டு சேலைகளை ஒன்றாக முறுக்கிக் கட்டிய பெரிய தொட்டில் தொங்கியது. பெற்றோனிலா ஒரு கையால் குழம்பைக் கிளறிக் கொண்டு மறுகையால் அதை ஆட்டிக் கொண்டிருந்தாள். உள்ளே ஊரின் மஞ்சள் பெட்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பச்சை விளக்கு மினுங்கியது.

எமரன்சியா சற்று நேரம் நின்று பார்த்தாள்.

"இது என்னது?"

"பெட்டி, மைனி."

"தெரியுது. எதுக்குத் தொட்டில்?"

"ஆடாம கெடந்தா பெட்டி கெட்டுப் போச்சுன்னு அங்கேருந்து ஆளு அனுப்பிருதானுவ. ஆட்டிக்கிட்டே இருக்கணும். கை வலிக்கு. போன தடவ பிலோமினா வீட்டுல ஆட்டுனாவ. இந்தத் தடவ எங்க மொற."

"அப்ப வள்ளம்?"

பெற்றோனிலா உப்புப் பார்த்தாள். "தொழிலுக்குப் போயிருக்கு."

"கல்லு விழப் போற நாள்லயா?"

"கல்லு விழுத நாள்லதான மைனி மீனு. பொத்துனு ஒரு அடி. அம்புட்டு மீனும் மயங்கி மெதக்கும். அள்ளிப் போட்டுட்டு வர வேண்டியதுதான். வல கெடையாது, கண்ணி கெடையாது. மத்த நாள்ல டீசல் காசுக்குத்தான் ஆவுது."

"அந்த அடி மனுசனுக்குக் கேக்காதா?"

"அதான் ஒருத்தனுக்கும் ஒண்ணும் கேக்க மாட்டங்கே," என்றாள் பெற்றோனிலா. "தட்டு எடுத்துட்டு வரட்டா?"

எஞ்சின் சத்தம் என்று ஊர் சொன்னது எமரன்சியாவின் நினைவுக்கு வந்தது. எஞ்சின் இருபதாண்டாக இருந்தது. செவிடு இந்த ஆண்டுதான் வந்தது. தானும் அதைக் கண்ணால் கண்டும் கருத்தில் கொள்ளாமல் இருந்ததை எண்ணி அவளுக்குத் தன்மேலேயே சிறிது எரிச்சல் உண்டாயிற்று.

"கஸ்பாரும் போயிருக்கானா?"

"அவுகதான முன்னால போறது."

"எங்க?"

பெற்றோனிலா தொட்டிலை ஆட்டினாள். "பொம்பளையாளுக்குக் கடல்ல எங்கன்னு எப்படித் தெரியும்? நீங்க அலுவலகத்துல பேரு கீரு எதுவும் சொல்லிராதிய மைனி. மூணு வருசம் உரிமம் இல்லன்னா ஊரு என்னத்தத் திங்கும்?"

எமரன்சியா சாப்பிட்டாள். குழம்பு நன்றாக இருந்ததா என்று பெற்றோனிலா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று விடை கிடைத்திராது. கையைக் கழுவிக் கொண்டு அலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவின் மறுபக்கத்துத் துறைக்கு நடந்தாள். எஞ்சின் பழுதான வள்ளம் ஒன்று மட்டும் கவிழ்த்துக் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் பல நிறங்களில் மின்னிற்று.

கஸ்பார் அவளைவிடப் பத்து வயது இளையவன். அம்மா இறந்தபோது அவன் இடுப்பிலிருந்து இறங்காத பிள்ளை. அவனுக்கு நடை பழக்கியவளும் நீச்சலடிக்க விட்டவளும் அவளே. அவன் கிழக்கே இருக்கிறான். மினி பஸ் அளவுள்ள ஒரு கல் அவன் தலைக்கு மேல் வந்து கொண்டிருக்கிறது. அவள் ஒரு சொல் சொன்னால் அது விழும். அதை எண்ணியபடியே அவள் அலுவலகத்துக்குத் திரும்பினாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எதையும் கேட்கவில்லை.

தொலைபேசி உரிய வேளையில் ஒலித்தது.

"வணக்கம் மேடம், நீலமேகம். ஞானதுரை சாரும் லைன்ல இருக்கார். மாதாத்துறைக் கட்டம்?"

"காலி இல்ல."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"புள்ளியெல்லாம் கரையில காட்டுதே மேடம்."

"பெட்டி கரையில இருக்கு சார். வள்ளம் இல்ல."

"பெட்டி வள்ளத்துலதானே இருக்கும்?"

"தொட்டில்ல இருக்கு."

"எதுல?"

"தொட்டில்ல. ஆட்டிக்கிட்டு இருக்காவ."

நீலமேகம் இதைக் குறித்துக் கொள்ள முயன்றார் போலும்; விசைகளைத் தட்டும் ஓசை தொடங்கி, நின்றுபோயிற்று. "மேடம், கட்டத்துக்குள்ள ஆள் இருக்குன்னு உறுதியாச் சொல்றீங்களா? இருக்குன்னா தெற்கே தள்ளிடறேன்."

"இருக்கு," என்றாள் எமரன்சியா.

அச்சொல் அவள் வாயிலிருந்து வழக்கத்துக்கு மாறான விரைவோடு வெளியே வந்தது.

"ஞானதுரை சார், கூட்டப்பாறைக் கட்டம்?"

"காலி, காலி," என்றது ஒரு குரல். முறுக்குக் கடிக்கும் ஓசையும் கூடவே கேட்டது. "எங்க கடலு எப்பவும் காலிதான் ஓய்."

"நன்றி," என்றார் நீலமேகம்.

எமரன்சியா தொலைபேசியைக் கீழே வைத்தாள். சற்றைக்கெல்லாம் மூடியிலிருந்த காப்பி வட்டம் போட்டது. வட்டம் விளிம்பைத் தாண்டி மேசையில் சிந்தியது. ஓசை தெற்கேயிருந்து வந்தது. அவள் துணி எடுத்து மேசையைத் துடைத்தாள். மேசை காய்ந்த பிறகும் மற்றொரு முறை துடைத்தாள். தம்பி பிழைத்தான் என்று அவளுக்குத் தோன்றிற்று. ஊருக்கு உரிமம் போகும். அதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

வெயில் தாழும் நேரத்தில் வள்ளங்கள் திரும்பின. அவள் தூண்டில் வளைவின் முனையில் போய் நின்றாள். கிழக்கே பார்த்து நின்றவளுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, பக்கத்தில் நின்ற பெண்கள் அனைவரும் வேறு திசையில் பார்த்துக் கொண்டிருப்பதைக் கவனித்தாள். வள்ளங்கள் தெற்கேயிருந்து வரிசையாக வந்து கொண்டிருந்தன. நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் விளிம்பு மட்டும் தெரியும்படி மீன் நிறைந்திருந்தது.

கஸ்பார் முதல் வள்ளத்திலிருந்து குதித்தான். இரு காதுகளிலும் பஞ்சு வைத்திருந்தான், பஞ்சு சிவந்திருந்தது. அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அக்கா! சொல்லிட்டல்லா! நீ காலி இல்லன்னு சொல்லிருவன்னு எனக்குத் தெரியும்லா!" அவன் குரல் துறை முழுவதும் ஒலித்தது. "நம்ம கட்டத்துல நாங்க இருக்கோம்னு நெனச்சா நீ கல்ல தெக்க தள்ளிருவ. அதான் தெக்க போயிட்டோம்! அங்க கடலடியில பாறப் பாரு, நம்ம கடல விட மீனு கூட! கட்டத்துக்கு வெளிய ஓரமா நின்னோம். விழுந்த ஒடனே உள்ள போயி அள்ளியாச்சு!"

எமரன்சியா பெற்றோனிலாவைத் திரும்பிப் பார்த்தாள். பெற்றோனிலா மீன் கூடையைத் தேடிக் கொண்டிருந்தாள்; கூடை அவள் கையிலேயே இருந்தது.

"நீங்க பாக்கணும்னுதான் மைனி சோத்துக்குக் கூப்பிட்டது," என்றாள் அவள், கூடையைப் பார்த்தபடியே. "நீங்க பாக்காதத சொல்ல மாட்டியன்னு அவுகதான் சொன்னாவ. கொழம்பு நெசமாத்தான் வச்சேன்."

எமரன்சியாவுக்குக் கோபம் வரவில்லை. அதற்குரிய இடம் இன்னும் காலியாகவில்லை. தம்பி உயிரோடு எதிரே நிற்கிறான் என்பது அவ்விடத்தை அடைத்துக் கொண்டிருந்தது. அவள் அவன் காதைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

"ஒண்ணும் கேக்கல!" என்றான் கஸ்பார். "இந்தத் தடவ அடி பெருசு. முன்னால கொஞ்சம் கேட்டுச்சு. இப்ப சுத்தமா இல்ல. பரவால்ல." பிறகு அவன் முகம் மெல்ல மாறியது. அவன் குரலைத் தாழ்த்திக் கொள்வதாக நினைத்துக் கொண்டான், குரல் தாழவில்லை. "அக்கா, கூட்டப்பாறை இருதயம் அண்ணன் இருக்காருல்லா, அப்பாகூடத் தொழில் பாத்தவரு, அவரு அங்க நின்னாரு. கட்டத்துக்குள்ள. கட்டுமரத்துல, ஒத்தையில."

கூடை தூக்கிய பெண்கள் அதைக் கீழே வைத்தார்கள்.

"நாங்க கை காட்டுனோம், வெளிய வாங்கன்னு. கத்துனோம். அவரு எங்கள வெரட்டுனாரு. அவரு பாருல மீன் புடிக்க வந்திருக்கோம்னு நெனச்சுட்டாரு போல. துடுப்பத் தூக்கிக் காட்டுனாரு. திருப்பி என்னமோ சொன்னாரு அக்கா. ரொம்ப நேரம் சொன்னாரு. எங்க ஒருத்தனுக்கும் கேக்கல."

அவன் வள்ளத்துக்குள் கையை விட்டு ஒரு மரத் துடுப்பை எடுத்து மணலில் வைத்தான். பிடி தேய்ந்து, ஒரு கையின் வடிவத்துக்குக் குழிந்திருந்தது. அவ்வளவுதான் கிடைத்ததாம்.

மறுநாள் காலையில் எமரன்சியா கூட்டப்பாறைக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"சார், நேத்து நீங்க கடலப் பாத்தியளா?"

"என்னத்தப் பாக்கது? படத்துல ஒரு புள்ளி கெடையாது."

"கட்டுமரம் ஒண்ணு நின்னுருக்கு சார்."

"கட்டுமரத்துக்குப் புள்ளி கெடையாதே," என்றார் ஞானதுரை. பிறகு அவரே கேட்டார்: "யாரு, இருதயமா?"

"ஆமா சார்."

"எனக்குச் சொந்தந்தான்," என்றார் அவர். பிறகு இணைப்பு அறுந்தது.

நீலமேகம் தாமாகவே அழைத்தார். நேற்றைய விழுகை ஒழுங்காக நிறைவேறியதாகவும், இரு கட்டங்களிலும் உயிர்ச்சேதம் இல்லை என்று பதிவாகியிருப்பதாகவும் தெரிவித்தார். இருதயத்தைப் பற்றி அவள் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு மேடம்," என்றார். உண்மையில் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. குரலில் அது தெரிந்தது. "ஆனா பெட்டி இல்லாதவர் கட்டத்துக்குள்ள இருந்தார்னு பதிவு பண்ண வழியில்ல. தொட்டில் விஷயமும் அப்படித்தான். பெட்டி கரையில இருந்ததுன்னுதான் காட்டுது. அதனால உங்க ஊர்மேல நடவடிக்கை எதுவும் வராது."

"சரி சார்."

"நீங்க சொன்னது தப்பில்ல மேடம். காலி இல்லன்னு சொன்னீங்க, காலி இல்லாமதான் இருந்தது. கட்டம்தான் வேற."

அவர் ஆறுதலாகவே சொன்னார். எமரன்சியா அதை வெகு நேரம் எண்ணிப் பார்த்தாள். தொட்டிலில் பெட்டிகளைக் கண்டது உண்மை. துறையில் வள்ளங்கள் இல்லாததைக் கண்டது உண்மை. அவை தன் கட்டத்துக்குள் இருப்பதை அவள் காணவில்லை. கண்ணால் காணாத ஒன்றைத் தம்பிக்காக, வாழ்நாளில் முதன்முறையாக, கண்டவள் போல அவள் சொல்லியிருந்தாள். முறுக்குத் தின்றுகொண்டு "காலி" என்ற மனிதருக்கும் தனக்கும் இருந்த வேறுபாடு முறுக்கு மட்டுமே என்ற முடிவுக்கு அவள் வந்தாள்.

இருதயத்துக்குக் கூட்டப்பாறைக் கோயிலில் வெறும் சவப்பெட்டியை வைத்துப் பூசை நடந்தது. மாதாத்துறையார் எல்லாரும் போனார்கள். துடுப்பை எமரன்சியா ஒரு துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவர் மகளிடம் கொடுத்தாள். ஞானதுரை கடைசி வரிசையில் நின்றார்; அவள் பக்கம் திரும்பவில்லை. கஸ்பாரின் வள்ளத்தில் வந்த மீன் அனைத்தையும் அவன் அந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டான் என்று பெற்றோனிலா சொன்னாள். அந்த வீட்டார் அதை வாங்கிக் கொண்டார்களா என்பதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு சில வாரங்கள் மீன் வரத்துக் குறைந்து போயிற்று. வள்ளங்கள் பெட்டியோடு போய்ப் பெட்டியோடு திரும்பின. டீசல் செலவுக்கும் கட்டவில்லை. தொட்டில் உத்தரத்திலேயே சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. எவரும் அதை அவிழ்த்து மடிக்கவில்லை.

ஒரு நாள் கோயில் ஒலிபெருக்கி மீண்டும் முழங்கியது. மறுநாள் பிற்பகலில் ஒரு கல் வருகிறது.

எமரன்சியா மாலையில் வீடு திரும்பியபோது தெரு வழக்கத்துக்கு மாறாக நிறைந்திருந்தது. வலை பின்னுகிறவர்கள் வலை பின்னினார்கள். கோழியைக் கூண்டில் அடைக்கிறவர்கள் அடைத்தார்கள். ஆனால் எல்லா வேலைகளும் மெதுவாக நடந்தன. வாசற்படியில் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் நின்ற பெற்றோனிலா கீழே பார்த்தபடி, "எல்லாரும் கேக்கச் சொல்லுதாவ மைனி" என்றாள்.

"என்னத்த?"

கஸ்பார் அவர்கள் உதடசைவதைப் பார்த்துத் தன் முறை வந்துவிட்டதென்று கொண்டான்.

"அக்கா! நாளைக்கு வர்ற கல்லுக்கு நீ என்ன சொல்லப் போற?" என்றான். மூன்று தெருக்களுக்குக் கேட்டது. "காலின்னா தெக்க நிக்கணும். காலி இல்லன்னா வடக்க நிக்கணும். இருதயம் அண்ணனுக்கு ஆன மாதிரி யாருக்கும் ஆயிரக் கூடாதுல்லா. நீ முன்னமே சொல்லிட்டியன்னா கூட்டப்பாறைக்காரவுகளுக்கும் ஆளு விட்டுச் சொல்லிருவோம். ஒருத்தருக்கும் சேதம் இல்ல!"

அவன் நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். அவன் காதுகளில் புதுப் பஞ்சு இருந்தது. வலை பின்னியவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். எமரன்சியா தூக்குவாளியைப் படியில் வைத்தாள். மூடியைத் திறந்தாள்; காப்பி தீர்ந்திருந்தது. மூடினாள்.

தொட்டிலில் நாளைக்கு என்ன கிடக்கும் என்பதை அவள் அறியாள். எந்த வள்ளம் எந்தப் பக்கம் போகும் என்பதும், பெட்டி இல்லாத எவர் எந்தப் பாரின்மேல் ஒற்றையாய் நிற்பார் என்பதும் அவளுக்குத் தெரியாது. சாலையைப் பார்த்த சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கொண்டு அவளுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். முதல் நாள் நேர்காணலில் தெரிந்த அளவுதான்.

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்து, அவன் உதடசைவைப் படிக்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தெரியாதுன்னு சொல்லப் போறேன். அவுக ஆளு அனுப்பி, கண்ணால பாத்துட்டு விடட்டும்."